கார்புரேட்டரைக் கழட்டிட்டு எஃப்ஐ போடலாமா?

எங்க மாமாகிட்ட 1996 மாடல் மாருதி 800 இருக்கு. சேலத்துக்குள்ள நல்லாத்தான் ஓடும். ஏற்காடு ஏறினா பாதி மலையிலேயே திணறும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்த்தா ஒரே கரி. "மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற, இதுக்கு எஃப்ஐ போட்டுடலாமா?"ன்னு கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு. உங்க வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருந்தா இது உதவும்.

முதல்ல, மலையில என்ன நடக்குது? கார்புரேட்டரின் குறுகலான பகுதியில் காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் ஜெட் வழியாகப் பெட்ரோலை இழுக்குது. 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிராம் காற்று வேணும். சேலத்தை விட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 11% குறைவு. ஆனா பெட்ரோல், அடர்த்தியின் வர்க்கமூலப்படிதான் குறையும், அதாவது 6% கிட்ட. கணக்கு போட்டா 14.7 என்பது 13.9 ஆகிடும். கலவை ரிச்! சேலத்துக்குச் சரியான ஜெட், ஏற்காட்டுக்குத் தப்பு. இப்போ பங்க்கில் வரும் 20% எத்தனால் பெட்ரோலுக்கு 13.5 கிட்ட வேணும். அதுக்கும் ஜெட்டைத்தான் மாத்தணும்.

எஃப்ஐ இதை எப்படிச் சமாளிக்குது? மாமா வண்டி என்ஜின் 796 சிசி, மூணு சிலிண்டர். ஒரு சிலிண்டர் முழுசா நிரம்பினா சுமார் 0.3 கிராம் காற்று. அதுக்கு 20 மில்லிகிராம் பெட்ரோல் போதும். மேனிஃபோல்ட் அழுத்தம், காற்றின் வெப்பம், என்ஜின் வேகம் இதையெல்லாம் சென்சார் சொல்ல, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்கணும்னு ஈசியு முடிவு பண்ணும். சைலென்சர் பக்கம் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் அதைத் திருத்தும். இதே 796 சிசி காரை மாருதியே பிறகு எம்பிஎஃப்ஐ-யா வித்தது. ஆக, முடியாத காரியம் இல்லை. அர்டுயினோ மெகாவை வச்சு ஓடும் ஸ்பீடுயினோன்னு ஓப்பன் சோர்ஸ் ஈசியு கூட இருக்கு.

ஆனா மூணு விஷயம் யோசிங்க.

ஒண்ணு, தீ. பழைய பம்ப் தரும் அழுத்தம் 0.3 பார் அளவுதான். எஃப்ஐ-க்கு 3 பார் கிட்ட வேணும். பழைய ரப்பர் ஹோஸை அப்படியே விட்டா, சூடான என்ஜின் மேல பெட்ரோல் பீய்ச்சும். ஹோஸ், கிளாம்ப், ரிட்டர்ன் லைன் எல்லாம் புதுசா வேணும்.

ரெண்டு, கரன்ட். பம்ப், ஈசியு ரெண்டுக்கும் நிலையான வோல்டேஜ் வேணும். எர்த் சரியில்லைன்னா சென்சார் பொய் சொல்லும்.

மூணு, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துது. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கணும். அங்கே போய் மாட்டாம, முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுடுங்க.

இன்னொரு உண்மையும் இருக்கு. மலையில காற்று குறையறதால போற பவரை எஃப்ஐ திருப்பித் தராது. கலவையை மட்டும்தான் சரி பண்ணும்.

எனக்கு உறுத்தினது அந்த 6%. அது மட்டும் பிளக்கைக் கரியாக்குமா? கார்புரேட்டரைத் திறந்து பார்த்தோம். ஃப்ளோட் லெவல் அதிகம், ஏர் ஃபில்டரில் மண் அடைச்சுக் கிடந்தது. சமவெளியிலேயே ரிச்சாத்தான் ஓடியிருக்கு, மலை அதைக் காட்டிக் கொடுத்திருக்கு. ரெண்டையும் சரி பண்ணினோம். போன ஞாயிறு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிட்டோம், மெதுவாத்தான்.

எஃப்ஐ ஆசை இன்னும் போகலை. ஆனா எதை மாத்தறதுக்கு முன்னாடியும், இருக்கிறது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாருங்க.