விரலால் படித்து விரலால் இசைத்தவர்

மேலை நாட்டு இசைக் கருவிகளுள் அளவிற் பெரியது ஆர்கன். நாம் நன்கறிந்த ஆர்மோனியத்தைப் போலவே இதுவும் காற்றாலும் கட்டைகளாலும் இயங்குவது. ஆனால் ஆர்மோனியத்தில் சிறு உலோக நாக்குகள் அதிர்கின்றன. பேராலய ஆர்கனிலோ ஆயிரக்கணக்கான குழல்கள் ஒலிக்கின்றன. கைகளுக்குப் பல கட்டை வரிசைகளும், கால்களுக்குத் தனி வரிசை ஒன்றும் உண்டு. கண்ணொளி குன்றிய ஒருவர் இக்கருவியில் உலகப் புகழ் எய்தினார். அவரே பிரெஞ்சு நாட்டு லூயி வியேர்ன்.

கருவியின் வளர்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தழைத்த ரொமாண்டிக் இசைக்கு உணர்ச்சியே உயிர். ஒலி மெல்லத் தோன்றி, வளர்ந்து, பெருகி, மீண்டும் அடங்க வேண்டும். ஆர்கனிலோ கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி மிகுவதில்லை. இவ்விடர்ப்பாட்டைப் பெரிதும் வென்றவர் கருவி அமைப்பாளர் அரிஸ்தீத் கவாயே-கோல் (1811–1899). குழல்களில் ஒரு பகுதியைப் பெட்டிக்குள் அடைத்து, அதன் கதவுகளைக் காலால் திறக்கவும் மூடவும் செய்யும் முறையை அவர் சிறப்புறப் பயன்படுத்தினார். குழல் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒலியைப் பெருக்கவும் வழிவகுத்தார். பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தில் அவர் 1868-இல் புதுக்கிய ஆர்கனில் ஐந்து கைவரிசைகளும் 86 ஒலிவகைகளும் இருந்தன. இத்தகைய கருவிகளுக்கென்றே செசார் பிராங்கும் வீடோரும் பெரும்படைப்புகளை இயற்றினர். அம்மரபின் வழித்தோன்றலே வியேர்ன்.

கற்ற முறை

வியேர்ன் 1870 அக்டோபர் 8-இல் புவாத்தியே நகரில் கண்புரையுடன் பிறந்தார். இளமையில் நிகழ்ந்த அறுவையால் ஓரளவே பார்வை கிட்டியது. பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர் தேசியக் கல்விக்கூடத்தில் பயின்றார். புள்ளி எழுத்தை வகுத்த லூயி பிரெயில் பயின்றதும் பின்னர்ப் பயிற்றியதும் அங்கேதான். பிரெயிலும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவரே. இசைக்குறிகளையும் எழுத வல்லது அவர் கண்ட முறை.

இங்கு ஆசிரியர்கள் எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. விரலால் படிப்பவர், படித்துக்கொண்டே இரு கைகளாலும் வாசித்தல் இயலாது. ஒரு கையால் குறியைத் தடவி, மறு கையின் பகுதியைப் பழகி, பின்னர்க் கைமாற்றி, காலின் பகுதியையும் சேர்த்து, முழுவதையும் நெஞ்சில் நிறுத்த வேண்டும். குறை என்று கருதப்பட்டதே நினைவாற்றலுக்கு உரமாயிற்று.

பதவியும் துயரமும்

வீடோரின் மாணவரான வியேர்ன் 1892-இல் அவருக்குத் துணைவராகி, 1894-இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் ஆர்கனுக்குரிய முதற் பரிசைப் பெற்றார். 1900-இல் போட்டியில் வென்று நோத்ர தாமின் ஆர்கன் கலைஞரானார். இறுதிவரை, 37 ஆண்டுகள், அப்பதவியை வகித்தார்.

துயரங்களும் தொடர்ந்தன. 1906-இல் தெருவில் விழுந்து கால் முறிந்தது. கால்கட்டை வாசிப்பை மீண்டும் பயில நேர்ந்தது. கண் சிகிச்சைக்காக 1916-இல் சுவிட்சர்லாந்து சென்றவர் 1920 வரை திரும்ப இயலவில்லை. அவ்விடைக் காலத்தில், போர் நடந்த நாளில், மகன் ஜாக்கும் தம்பி ரெனேயும் மாண்டனர். திரும்பியபோது பேராலயக் கருவி பழுதுற்றிருந்தது. அதனைச் சீர்செய்ய நிதி திரட்டும் பொருட்டு 1927-இல் அமெரிக்கா சென்று கச்சேரிகள் நிகழ்த்தினார்.

ஆர்கனுக்கென அவர் இயற்றிய ஆறு சிம்பொனிகள் இன்றும் உலகெங்கும் இசைக்கப்படுகின்றன. மார்செல் துப்ரே, மொரீஸ் துருப்ளே போன்றோர் அவரிடம் பயின்றவர்கள்.

இறுதிக் கச்சேரி

1937 ஜூன் 2-இல் நோத்ர தாமில் கச்சேரி நடந்தது. துருப்ளே அருகில் நின்றார். வியேர்ன் தம் படைப்பை வாசித்து முடித்தார். அடுத்து, கொடுக்கப்படும் சிறு இசைக்கருவைக் கொண்டு அவ்விடத்திலேயே கற்பனையாக வாசிக்க வேண்டும். புள்ளி எழுத்தில் தரப்பட்ட அதனை விரலால் தடவி அறிந்தார். வாசிக்கத் தொடங்குமுன் சாய்ந்தார். கால் பட்ட கட்டையின் ஒற்றைத் தாழ்சுரம் ஆலயமெங்கும் ஒலித்தது.

2019 ஏப்ரல் 15-இல் நோத்ர தாம் தீப்பற்றியபோது ஆர்கன் தீக்கு இரையாகவில்லை. ஈயத்தூசு படிந்த குழல்கள் துப்புரவு செய்யப்பட்டு, 2024 டிசம்பரில் கருவி மீண்டும் ஒலித்தது. கருவியைக் காத்தவர் பலர். அதனை ஒலிக்கச் செய்த வியேர்னை ஆக்கித் தந்ததோ ஒரு பள்ளி. பார்வையற்ற சிறுவனுக்கு இது போதும் என்று கல்வியைக் குறைக்காமல், அவன் கற்கத்தக்க வழியை மட்டும் மாற்றியமைத்த பள்ளி அது.