டேபிளுக்கு ஒரு பூட்டா, வரிசைக்கு ஒரு பூட்டா?

டேட்டாபேஸ் என்பது பெரிய அலுவலகங்களின் சமாச்சாரம், வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நினைப்பதுண்டு. நீங்கள் பயர்பாக்ஸில் குறித்து வைக்கும் புக்மார்க்குகள் கூட எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் பைலில்தான் போய் உட்காருகின்றன. நாளை நீங்களோ உங்கள் பிள்ளையோ ஸாம்ப் தொகுப்பை இன்ஸ்டால் செய்து, கடைக்கோ சங்கத்துக்கோ ஒரு சின்ன புரோகிராம் எழுத உட்காரலாம். அப்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் விட்டதால் நான் பட்ட பாட்டை இங்கே சொல்கிறேன்.

காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அங்கே கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓட்டும் ஒருவரின் அலுவலகத்துக்கு டிரிப் கணக்கு புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல். மற்ற நான்கு கம்ப்யூட்டர்களில் பிரவுசர் வழியாகத் திறந்து வேலை செய்வார்கள். எந்த டிரெய்லர் எந்தக் கன்டெய்னரை ஏற்றியது, டிரைவருக்கு எவ்வளவு அட்வான்ஸ், டீசல் எவ்வளவு, எல்லாம் அதில்தான். முன்பு வேறொரு கடைக்காக எழுதி வைத்திருந்த டேபிள்களை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

மாதக் கடைசி வரை எல்லாம் நன்றாக ஓடியது. கணக்கர் மாத ரிப்போர்ட்டைக் கேட்டதும் நான்கு கம்ப்யூட்டர்களும் உறைந்துவிட்டன. யார் எதைக் கிளிக் செய்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே வரிசையாக டிரெய்லர்கள். டிரிப் ஷீட் வராமல் டிரைவர்கள் ஜன்னலைத் தட்டுகிறார்கள். "கம்ப்யூட்டர் பழசு சார், ராம் போடுங்க" என்று நானும் சொன்னேன். ராம் போட்டும் பயனில்லை.

காரணம் ஸ்டோரேஜ் இன்ஜின். மைஎஸ்க்யூஎல்லில் நாம் கொடுக்கும் கேள்வியைப் புரிந்துகொள்வது ஒரு பகுதி. தகவலை டிஸ்க்கில் எழுதி, தேடி எடுத்துத் தருவது இன்னொரு பகுதி. அந்த இரண்டாவது பகுதிக்குத்தான் ஸ்டோரேஜ் இன்ஜின் என்று பெயர். ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனியாக இன்ஜினைத் தேர்ந்தெடுக்கலாம். இவற்றில் முக்கியமானவை இரண்டு: மைஐஸாம், இன்னோடிபி. 2010ஆம் ஆண்டு இறுதியில் 5.5 பதிப்பு வரும் வரை நாம் எதுவும் சொல்லாவிட்டால் மைஐஸாம்தான் கிடைக்கும். அதன் பிறகு இன்னோடிபி. ஆனால் என் பழைய ஸ்கிரிப்ட்டில் மைஐஸாம் என்று எழுதியே இருந்ததால், புதிய பதிப்பிலும் அதுவே வந்து உட்கார்ந்துவிட்டது.

மைஐஸாம் முழு டேபிளுக்கும் ஒரே பூட்டுப் போடும். அலுவலகத்தில் ஒரே ஒரு பேரேடு இருக்கிறது, கணக்கர் அதை மடியில் வைத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முடிக்கும் வரை வேறு யாரும் அதில் எழுத முடியாது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எழுதக் காத்திருப்பவருக்கு மைஐஸாம் முன்னுரிமை தரும்; ஆகவே அவருக்குப் பின்னால் சும்மா படிக்க வந்தவர்களும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ரிப்போர்ட் ஓடிய அந்த ஒரு நிமிடம் அலுவலகம் முழுதும் நின்றது இதனால்தான்.

இன்னோடிபி அப்படியல்ல. எழுதும்போது அந்த வரிசையை மட்டும் பூட்டும். ரிப்போர்ட் கேட்பவருக்கு, அவர் கேட்ட நேரத்தில் தகவல் இருந்த நிலையைக் காட்டும். மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம்.

வேகப் பிரச்னை மட்டும் என்றால் நான் அப்படியே விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த மாதம் வந்ததுதான் பெரிய சிக்கல்.

டிரைவர் ஒருவருக்கு 3,000 ரூபாய் அட்வான்ஸ். என் புரோகிராம் முதலில் டிரைவர் கணக்கில் பற்று எழுதும், பிறகு ரொக்கக் கணக்கில் எழுதும். அன்று ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்ததால் ரொக்க டேபிள் பூட்டியிருந்தது. முதல் பதிவு ஏறிவிட்டது, இரண்டாவது காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது. மின்சாரம் திரும்பியதும் ரொக்க டேபிள் சேதமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. ரிப்பேர் கட்டளை கொடுத்தேன், ஓகே என்றது. காசாளரும் பதிவு போகவில்லை என்று நினைத்து அதே அட்வான்ஸை மறுபடி ஏற்றிப் பணத்தைக் கொடுத்தார்.

மாதக் கடைசியில் அந்த டிரைவருக்குச் சம்பளத்தில் 3,000 ரூபாய் குறைந்தது. ஒரு தடவைதான் வாங்கினேன் என்று அவர் தலையில் அடித்துச் சொல்கிறார். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று காசாளர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுகிறார். ரொக்கக் கணக்கையும் டிரைவர் கணக்கையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு நாள் ஆனது. அங்கே ஒரு பதிவு, இங்கே இரண்டு. டிரைவர் சொன்னதுதான் சரி. பணம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவரை எல்லோரும் பார்த்த பார்வைக்கு நான்தான் பொறுப்பு.

ரிப்பேர் கட்டளை டேபிளைச் சரிசெய்யும். பாதியில் நின்ற வேலையை அது அறியாது. அதற்கு டிரான்ஸாக்ஷன் வேண்டும். இரண்டு பதிவுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால், இன்னோடிபி இரண்டையும் ஏற்றும், அல்லது இரண்டையும் விட்டுவிடும். மின்சாரம் போய் வந்தால் தன் லாக் பைலைப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மைஐஸாம் டேபிளிலும் டிரான்ஸாக்ஷன் கட்டளைகளைக் கொடுக்கலாம், எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஆனால் பலன் ஒன்றும் இருக்காது. அதேபோல, இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு புரோகிராமில் டிரான்ஸாக்ஷன் எழுதாவிட்டாலும் பாதிப் பதிவு பாதிப் பதிவாகவேதான் நிற்கும்.

உங்கள் டேபிள் எது என்று பார்க்க, பிஎச்பிமைஅட்மினில் டேட்டாபேஸைத் திறந்து டைப் என்ற பத்தியைப் பாருங்கள். மாற்ற வேண்டுமானால் முதலில் எக்ஸ்போர்ட் மூலம் பேக்கப் எடுங்கள். பிறகு டேபிளைத் திறந்து ஆபரேஷன்ஸ் டேபுக்குச் சென்று, ஸ்டோரேஜ் இன்ஜின் பட்டியலில் இன்னோடிபியைத் தேர்ந்தெடுத்து கோ பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

மாற்றிய பின் சில இடங்களில் வேகம் குறையும், பயப்பட வேண்டாம். டேபிளில் மொத்தம் எத்தனை வரிசை என்று கேட்டால் மைஐஸாம் எண்ணி வைத்ததைச் சட்டென்று சொல்லும். இன்னோடிபி எண்ணிப் பார்த்துத்தான் சொல்லும். ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனையும் அது டிஸ்க்கில் உறுதி செய்துகொள்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு வினாடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். ஆகவே பத்தாயிரம் வரிசைகளை ஒவ்வொன்றாக ஏற்றினால் டீ குடித்துவிட்டு வரலாம். ஆயிரம் ஆயிரமாக ஒரே டிரான்ஸாக்ஷனில் கட்டினால் விறுவிறுவென்று முடியும். பபர் பூல் என்ற நினைவக ஒதுக்கீடு 128 எம்பி மட்டுமே இருக்கும். நான் 4 ஜிபி ராம் இருந்த அந்தக் கம்ப்யூட்டரில் அதை 1 ஜிபி ஆக்கினேன். நல்ல பலன். டிரெய்லர் எண்ணுக்கு இண்டெக்ஸும் போட்டேன். இண்டெக்ஸ் இல்லாவிட்டால் ஒரு வரிசையை மாற்றத் தேடிப்போகும் இன்னோடிபி, வழியில் பார்க்கும் வரிசைகளையெல்லாம் பூட்டிக்கொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கை. மைஐஸாம் காலத்தில் மைஎஸ்க்யூஎல்லை நிறுத்திவிட்டு டேட்டாபேஸ் போல்டரை பென் டிரைவில் காப்பி செய்தாலே பேக்கப் ஆகிவிடும். இன்னோடிபியில் அப்படிச் செய்து, விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தபின் கையைப் பிசைந்தவர்கள் ஏராளம். டேபிள்கள் பற்றிய விவரம் அந்த போல்டருக்கு வெளியே வேறொரு பைலில் இருப்பதுதான் காரணம். எக்ஸ்போர்ட் செய்து வைப்பதே சரி.

பெரிய இடங்களிலும் இதே தலைவலிதான். ரயில்வேயின் ஐஆர்சிடிசி தளம் தட்கல் நேரத்தில் திணறியபோது, 2014ஆம் ஆண்டு புதிய டிக்கெட் அமைப்பில் தகவலை நினைவகத்திலேயே வைத்துக் கையாளும் முறையைக் கொண்டுவந்தார்கள். நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது.

காட்டுப்பள்ளி அலுவலகத்தில் யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டுவிட்டார்கள். அந்த டிரைவர் மட்டும் அதன் பிறகு அட்வான்ஸ் வாங்கும்போதெல்லாம் தன் சின்ன நோட்டிலும் காசாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவார். நான் அதைத் தடுக்கவில்லை.