களிமண்ணும் கடலும்: இத்தாலியக் குயவர் ஊர்களில் குழந்தைகளோடு

இத்தாலிக்குக் குடும்பத்தோடு பிரயாணம் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ரோமாபுரியின் இடிபாடுகளையும், புளோரன்ஸின் சித்திரசாலைகளையும், வெனிஸின் நீர்வீதிகளையும் ஒரே மூச்சில் கண்டு திரும்பிவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். நாலைந்து வயதுக் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு செல்கிறவர்களுக்கோ, அந்த மகாநகரங்களைக் காட்டிலும், கடலோரத்திலும் கடலுக்கு எட்டும் தூரத்திலும் அமைந்து, பல நூற்றாண்டுகளாக மண்ணைப் பிசைந்து, சுட்டு, வர்ணம் தீட்டி வாழ்ந்துவரும் சிற்றூர்களே உகந்தவை என்பது என் திடமான அபிப்பிராயம். குழந்தைக்கு உலகம் முதலில் கைகளின் வழியாகவே அறிமுகமாகிறது. காலையில் ஈரமணலில் கோட்டை கட்டிய சிறு கைகளுக்குச் சொந்தமான கண்கள், மாலையில் குயவரின் சக்கரத்தின்மேல் அதே ஈரமும் குழைவும் ஒரு ஜாடியாக எழுந்து நிற்பதைக் காணும்போது, அங்கே நடப்பது தாங்கள் அறிந்த காரியந்தான் என்று உடனே கண்டுகொள்கின்றன.

நேப்பிள்ஸுக்குத் தெற்கே, சலேர்னோவை அடுத்து மலைச்சரிவில் அமைந்த வியெத்ரி சுல் மாரே என்ற ஊர், புகழ்பெற்ற அமால்ஃபிக் கடலோரத்தின் கிழக்கு வாசல். அமால்ஃபிக்கும் பொஸித்தானோவுக்கும் விரைகிற உல்லாசப் பிரயாணிகள் இவ்வூரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் குழந்தைகளோடு செல்கிறவர்கள் இங்கேயே தங்கிவிடுவது உத்தமம். வயிற்றைப் புரட்டும் அந்த மலைப்பாதையின் வளைவுகள் இவ்வூரைத் தாண்டித்தான் ஆரம்பமாகின்றன. சலேர்னோவில் ரெயில் ஏறினால் சில நிமிஷங்களில் வியெத்ரி ஸ்டேஷனில் இறங்கிவிடலாம்.

ஊரின் உச்சியில் ஸ்நாபக அருளப்பர் ஆலயத்தின் கும்மட்டம், வர்ண மெருகேற்றிய ஓடுகளால் வேயப்பட்டுக் கடல்வெயிலில் ஜொலிக்கிறது. கீழே கடைவீதியில் முகப்புகளிலும், படிகளிலும், கதவிலக்கங்களிலும், ஆசனங்களிலுங்கூட மீனும் சேவலும் சூரியனும் கழுதையும் நம்மைப் பார்க்கின்றன. 1920களில் ஜெர்மனியிலிருந்து இங்கே வந்து தங்கிய கலைஞர்களில் ஒருவரான ரிச்சர்ட் டோல்கர் என்பவர் விளையாட்டாக வனைந்த சிறு கழுதை, நாளடைவில் இவ்வூரின் சின்னமாகவே நிலைத்துவிட்டது. கழுதைகளை எண்ணிக்கொண்டு வரும்படி குழந்தைகளிடம் சொல்லிவிட்டால் போதும். கடைவீதி முழுவதையும் அவர்கள் சலிப்பின்றி நடந்து முடித்துவிடுவார்கள். பாவ்லோ சொலேரி என்ற கட்டடக் கலைஞர் 1950களில் இங்கே அமைத்த மட்பாண்டத் தொழிற்சாலை ஒன்றின் வெளிச்சுவர், ஆயிரக்கணக்கான கலயங்களின் அடிப்பாகங்களைப் பதித்து எழுப்பப்பட்டது. பெரியவர்கள் அதன் சிற்பநயத்தை வியந்து நிற்கையில், சுவரில் இத்தனை பானைகளை யார் ஒட்டினார்கள் என்பதே குழந்தைகளின் கேள்வியாக இருக்கும். அதற்கு விடை சொல்வதே ஒரு நல்ல பாடம். சற்று மேலே ராயித்தோ கிராமத்தில், ஒரு பழைய பிரபுவின் மாளிகைத் தோட்டத்தில் மட்பாண்டக் காட்சிசாலை இருக்கிறது. கீழே மரீனா கடற்கரையில், இரு சகோதரர்கள் என்று ஜனங்கள் அழைக்கும் இரண்டு பாறைகள் நீரில் நிற்கின்றன. மணலோடு கூழாங்கல்லும் கலந்த கரையாகையால், குழந்தைகளுக்கு ரப்பர் செருப்பு அவசியம்.

இவ்வூர்களின் மட்பாண்டங்களுக்கு அழகு எங்கிருந்து வருகிறது என்பதைப் பட்டறைக்குள் சென்று பார்த்தால்தான் விளங்கும். சக்கரத்தில் வனைந்த பாத்திரம் முதலில் நிழலில் உலரவேண்டும். பிறகு ஏறக்குறைய 1,000 பாகை உஷ்ணத்தில் சூளையில் ஒருமுறை வேகவேண்டும். சிவந்து வெளிவரும் அதை, வெள்ளீயத்தின் பஸ்பம் கலந்த பால்போன்ற குழம்பில் முக்கியெடுத்தால், மேனியில் வெண்மையான மாவுப்படலம் படியும். அந்தப் படலத்தின்மீதுதான் கோபால்ட்டின் நீலமும், செம்பின் பச்சையும், மாங்கனீஸின் கரிய ஊதாவும், அஞ்சனக்கல்லின் மஞ்சளும் தூரிகையால் ஏறுகின்றன. படலம் வர்ணத்தை அக்கணமே உறிஞ்சிக்கொள்வதால், ஒருமுறை இழுத்த கோட்டை அழிக்க வழியில்லை. பிறகு 900 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் இரண்டாம் முறை வெந்து வெளிவரும்போதுதான் மங்கியிருந்த வர்ணங்கள் கண்விழிக்கின்றன. 1557ஆம் ஆண்டையொட்டிக் காஸ்தெல் துராந்தே ஊராரான சிப்ரியானோ பிக்கோல்பாஸ்ஸோ இக்கலையின் முறைகள் அனைத்தையும் படங்களோடு எழுதிவைத்தார். அவர் வரைந்து காட்டிய காலால் உதைக்கும் சக்கரத்தை மின்சாரம் சுழற்றுகிறது, விறகுச் சூளையின் இடத்தை மின்சூளை பிடித்திருக்கிறது என்பவற்றைத் தவிர, அவர் கண்ட பட்டறைக்கும் இன்று நாம் காணும் பட்டறைக்கும் அடிப்படையான பேதம் அதிகமில்லை.

வடமேற்கே லிகூரியாக் கடலோரத்தில், சவோனாவின் பக்கத்தில், அல்பிஸோலா மரீனா என்ற ஊர் இருக்கிறது. ஜெனோவாவிலிருந்து மேற்கே செல்லும் ரெயில்பாதை இவ்வழியே போகிறது. நடக்கக் கற்கும் குழந்தையும் கால்வைக்கக்கூடிய மணற்கரை இவ்வூருக்கு உண்டு. வெள்ளையில் நீலம் தீட்டும் பழைய மரபுக்குப் பெயர்பெற்ற இவ்வூருக்கு, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் லூச்சியோ ஃபொந்தானா, அஸ்கர் யோர்ன், வில்ஃப்ரெதோ லாம் முதலிய பல தேசத்துக் கலைஞர்கள் களிமண்ணைத் தேடி வந்தார்கள். 1963இல் கடற்கரைச் சாலையின் நடைபாதையில் கலைஞர்களின் சித்திரங்களைச் சிறு ஓட்டுத்துண்டுகளால் பதித்து, ஊரார் நடப்பதற்கென்றே திறந்துவிட்டார்கள். காட்சிசாலைகளில் தொடாதே, ஓடாதே, உரக்கப் பேசாதே என்று கேட்டுக் கேட்டு வாடிய குழந்தைகள், இங்கே பெரிய கலைஞர்களின் படைப்பின்மீது மணல் ஒட்டிய வெறுங்காலோடு ஓடலாம். காவலர் எவரும் விரட்டமாட்டார்.

கடலிலிருந்து உள்வாங்கியிருந்தாலும், குழந்தைகளின் பொருட்டு நான் முதலிடம் தரும் ஊர் எமிலியா-ரொமாஞா பிரதேசத்து ஃபாயென்ஸா. 1908இல் கயெத்தானோ பல்லார்தீனி இங்கே ஸ்தாபித்த சர்வதேச மட்பாண்டக் காட்சிசாலை, 1944இல் யுத்தத்தின் குண்டுவீச்சில் நொறுங்கி, பின்னர் உலகெங்கிலுமிருந்து வந்த நன்கொடைகளால் மீண்டும் எழுந்தது. அதனுள்ளே குழந்தைகளுக்கென்று ஒரு பட்டறை 1979இல் தொடங்கப்பட்டது. சித்திரக்காரரும் குழந்தைகளுக்கான புத்தகங்களைப் படைத்தவருமான புரூனோ முனாரியின் முறையை அது பின்பற்றுகிறது. என்ன செய்யவேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லலாகாது. களிமண்ணை உருட்டுவது, அழுத்துவது, கீறுவது, ஒட்டுவது எப்படி என்று மாத்திரம் காட்டிவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளவேண்டும் என்பதே அம்முறையின் சாரம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஐந்து கண்டங்களின் அரிய பாத்திரங்கள் வீற்றிருக்கும் அதே கட்டடத்தில், மழலைகள் மண்பூசிய கைகளோடு உட்கார்ந்திருக்க இடமளித்த அந்தப் பெருந்தன்மையை எத்தனை பாராட்டினாலும் தகும்.

ஃபாயென்ஸாவிலிருந்து ரெயிலில் கிழக்கே போனால் சற்று நேரத்தில் ரிமினி. அங்கே கடல் ஆழமற்றது, மணல் மென்மையானது, அலை சாதுவானது. குடை வரிசைகளுக்கு வாடகை உண்டு. இலவசப் பகுதிகளும் இடையிடையே இருக்கின்றன. வழியெங்கும் சிறு கடைகளில் கோதுமை மாவைத் திரட்டிச் சுட்ட பியதீனா என்ற மெல்லிய ரொட்டியைப் பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து மடித்துத் தருகிறார்கள்; காரம் தொடாத குழந்தைக்கு அது கைகண்ட ஆகாரம்; மாவில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பது வழக்கமாதலால், மாமிசம் தொடாத பெற்றோர் கேட்டறிந்து வாங்கவேண்டும்.

மூன்று காரியங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம். பிற்பகல் ஒரு மணியளவில் சிற்றூர்க் கடைகளும் பட்டறைகளும் கதவடைத்து, வெயில் தாழ்ந்த பிறகே திறக்கின்றன. அந்த வேளையைக் குழந்தையின் உறக்கத்துக்கு ஒதுக்கிவிட்டால் இருதரப்புக்கும் சௌகரியம். உணவு விடுதிகளில் இரவு ஏழரைக்கு முன்னர் அடுப்பு மூட்டுவது அபூர்வமாதலால், ரொட்டிக் கடையில் ஏதேனும் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை வனைந்த பொருளை அன்றே எடுத்துச் செல்ல முடியாது. அது உலரவேண்டும், வேகவேண்டும். ஆகையால் ஊருக்குப் போன முதல் நாளே பட்டறையைத் தேடிச் செல்லுங்கள். அல்லது முன்னமே சுட்டுவைத்த ஓட்டின்மேல் வர்ணம் தீட்டச் செய்து, புறப்படும் நாளில் பெற்றுக்கொள்ளுங்கள். காத்திருப்பதன் சுவையையும் குழந்தை அதில் கற்றுக்கொள்ளும்.

தெற்கே சிசிலித் தீவில் கால்தாஜிரோனேயின் 142 படிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1606இல் கட்டிய அந்தப் படிக்கட்டின் ஒவ்வொரு படிமுகத்திலும், வெவ்வேறு நூற்றாண்டுகளின் பாணியைத் தழுவிய ஓடுகளை 1954இல் பதித்தார்கள். ஜூலை 24, 25 தேதிகளின் இரவில் படிகளெங்கும் எண்ணெய் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. எண்ணக் கற்றுக்கொண்ட பருவத்துக் குழந்தைக்கு இதைவிடச் சிறந்த கணிதப் புத்தகம் கிடைக்காது.

இத்தனை சின்னஞ்சிறு பிராயத்தில் கண்டது எதுவும் நினைவில் தங்காது, பணம் வீண் என்று சொல்வோர் உண்டு. ஊர்ப்பெயர் மறந்துபோகலாம், கை கற்றது மறப்பதில்லை என்பதே அவர்களுக்கு என் பதில்.

எனக்குள்ள கவலை வேறு. இவ்வூர்களின் கடைவீதிகளில் நிதானமாக நடந்து, தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்களுக்கு அது உடனே புலப்படும். ஒரே எலுமிச்சம்பழம், ஒரே இலை, ஒரே நிழல், மயிரிழை மாறாமல் பத்துத் தட்டுகளில் அச்சாகியிருக்கிறது. எங்கோ ஓர் இயந்திரத்தில் வார்த்து, தாளில் அச்சடித்த சித்திரத்தை ஒட்டிச் சுட்டு, பெட்டிபெட்டியாகக் கொண்டுவந்து இறக்கிய சரக்கு அது. அதற்குப் பக்கத்தில், மனிதக் கை தீட்டிய தட்டு மூன்று மடங்கு விலையோடு தூசி படிந்து கிடக்கிறது. விலை குறைந்ததை வாங்குகிற பிரயாணியைக் குறைகூறிப் பயனில்லை, வேறுபாடு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏனெனில், மண் பாத்திரமாவதை அவர் வாழ்நாளில் ஒருமுறையும் பார்த்ததில்லை. கலைமரபும் பாரம்பரியமும் உள்ள மட்பாண்டங்களுக்கு முத்திரை வழங்கிக் காக்க இத்தாலி 1990இல் 188ஆம் எண் சட்டத்தை இயற்றியது. சட்டம் முத்திரையிடும், ஆனால் தூரிகை பிடிக்கச் சிஷ்யனைச் சட்டத்தால் சிருஷ்டிக்க முடியுமா? தந்தை வனைய மகன் தீட்ட, தலைமுறை தலைமுறையாக வந்த பட்டறைகளில், கோடை முழுவதும் குடை வாடகைக்கு விட்டே அதைவிட நன்றாகச் சம்பாதிக்கலாம் என்று தெரிந்த பிள்ளை சக்கரத்தின் முன் ஏன் உட்காரவேண்டும்? 2023 மே மாதத்தில் வெள்ளம் பெருகி ஃபாயென்ஸாவின் தெருக்களிலும் பட்டறைகளிலும் சேறு புகுந்தது. சேற்றை வாரிக் கொட்டிவிடலாம். வாங்குவோரின் கண் குருடாகிவிட்டால், அந்த நஷ்டத்தை எதைக் கொண்டு ஈடுசெய்வது?

ஒரு கலை வாழ்வதற்குச் செய்கிறவர் மாத்திரம் போதாது. செய்ததன் அருமையை அறிகிறவரும் வேண்டும். அந்த அறிவு பிரசங்கத்தால் வராது. ஏழு வயதில் ஒருமுறை சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்த முயன்று, அது கோணி, சரிந்து, கையோடு வந்துவிட்ட அனுபவம் உள்ளவன், முப்பது வயதில் ஒரு ஜாடியின் சமமான கழுத்தைக் காணும்போது அதன் பின்னால் எத்தனை வருஷத்து உழைப்பு இருக்கிறது என்பதைத் தன் விரல்களாலேயே உணர்வான். குழந்தைகளை இவ்வூர்களுக்கு அழைத்துச் செல்லும்படி நான் வற்புறுத்துவது, அவர்களெல்லாம் குயவராகவேண்டும் என்பதற்காக அல்ல. பொய்ச்சரக்கை மெய்ச்சரக்கிலிருந்து பிரித்தறியும் ஒரு தலைமுறையாவது உலகில் எஞ்சவேண்டும் என்பதற்காகவே.

பெற்றோர்களே, பல ஊர்களைத் தொட்டு ஓடும் திட்டத்தைக் கைவிட்டு, ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து நிதானமாகத் தங்குங்கள். கடைக்குப் போகுமுன் பட்டறைக்குப் போங்கள். அனுமதி கேட்டுக் குழந்தையின் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்குவதானால் தட்டைத் திருப்பி அடியைப் பாருங்கள். ஒரே சித்திரமுள்ள இரண்டு தட்டுகளை அருகருகே வைத்து, தூரிகையின் தடம் வேறுபடுகிறதா என்று குழந்தையைக் கேளுங்கள். உண்பதற்கு உதவுமா, அலங்காரத்துக்கு மாத்திரமா என்பதைக் கேட்டறியுங்கள். அச்சடித்த தட்டுகள் அரை டஜனுக்குச் செலவிடும் பணத்தில், கையால் செய்த கிண்ணம் ஒன்றே ஒன்று வாங்குங்கள். அதைச் செய்தவரிடமிருந்தே, உங்கள் குழந்தையின் கையால் வாங்கச் செய்யுங்கள்.