மோட்டார் சைக்கிளின் எரிபொருள் தொட்டியும் பயணத் தொலைவும்

இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பகுதியில், சந்திரா, பாகா என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் தாண்டி என்ற சிற்றூர் உள்ளது. மணாலியிலிருந்து லடாக்கிலுள்ள லே நகருக்குச் செல்லும் நெடும்பாதை இவ்வூர் வழியே போகிறது. அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது என்று இங்குள்ள நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த அறிவிப்புப் பலகை நெடுங்காலம் பிரயாணிகளிடையே பிரசித்தி பெற்றிருந்தது. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பெற்ற அடல் சுரங்கப்பாதை மணாலிக்கும் தாண்டிக்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைத்ததேயன்றி, தாண்டிக்கு அப்பாலுள்ள தொலைவைக் குறைக்கவில்லை. அப்பாதை 4,800 மீட்டருக்கு மேற்பட்ட பாரலாசா கணவாயையும், 5,300 மீட்டருக்கு மேற்பட்ட தாங்லாங் கணவாயையும் கடந்து செல்கிறது. காற்று மெலிந்து, இரவில் கடுங்குளிர் சூழும் அவ்விடங்களில் பெட்ரோல் தீர்ந்து நிற்பது வெறும் அசௌகரியம் அன்று, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இத்தகைய பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை எவ்வாறு கணக்கிடுவது? தொட்டியின் கொள்ளளவை, ஒரு லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டரால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும் எனப் பலரும் கருதுவர். பெருக்கல் சரியே. ஆனால் பெருக்கப்படும் இரு எண்களும் நிலையானவை அல்ல என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

கொள்ளளவும் பயன்படும் அளவும்

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எரிபொருள் தொட்டி சட்டத்தின் மேற்குழாயின் மீது, குதிரையின் முதுகில் சேணம் அமர்ந்திருப்பது போல அமர்ந்துள்ளது. இதனால் தொட்டியின் அடிப்பகுதி இரண்டு மடல்களாகப் பிரிகிறது. பெட்ரோல் வெளியேறும் வாய் ஒரு மடலில் மட்டும் இருக்குமாயின், மட்டம் தாழ்ந்தபின் மற்ற மடலிலுள்ள பெட்ரோல் அங்கேயே தங்கிவிடும். வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தால் அதில் ஒரு பகுதி மேற்குழாயைத் தாண்டி இப்பக்கம் வந்து சேரும்.

பழைய வண்டிகளிலுள்ள ரிசர்வ் என்னும் அமைப்பையும் அறிந்திருத்தல் நலம். ரிசர்வ் என்பது தனித்தொட்டி அன்று. பெட்ரோல் காக்கினுள் உயரமான குழல் ஒன்றும், அதற்குக் கீழே ஒரு துவாரமும் உண்டு. பெட்ரோல் மட்டம் குழலின் வாய்க்குக் கீழே இறங்கியதும் இயந்திரம் தடுமாறும்; திருகை ரிசர்வுக்குத் திருப்பினால் கீழ்த் துவாரத்தின் வழியே எஞ்சிய பெட்ரோல் வரும். ஆகவே ரிசர்வில் உள்ளதும் மொத்தக் கொள்ளளவில் அடங்கியதே. அதைத் தனியே கூட்டிக்கொள்வது பிழையாகும். எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் புதிய வண்டிகளில் இத்திருகு இல்லை. தொட்டியினுள் உள்ள பம்பும், எச்சரிக்கும் விளக்கும் அதன் இடத்தைப் பெற்றுள்ளன.

தொட்டியை விளிம்புவரை நிரப்புவதும் தகாது. உஷ்ணநிலை 30 டிகிரி உயருமாயின் 15 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 0.4 லிட்டர் பெருகும். அதிகாலைக் குளிரில் நிரப்பிய வண்டி நண்பகல் வெயிலில் நிற்கும்போது இந்தப் பெருக்கத்திற்கு இடம் வேண்டும்.

ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர்?

இரண்டாவது எண் இன்னும் மாறுந்தன்மை உடையது. சமவெளியில் பெட்ரோலின் செலவை வேகமே பெரிதும் நிர்ணயிக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், மணிக்கு 60 கிலோமீட்டரில் உள்ள எதிர்ப்பு 80 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. பின்புறம் இருபக்கமும் கட்டிய பெட்டிகள் அதை மேலும் கூட்டும்.

மலைப்பாதையில் ஏற்றம் முதன்மையானது. வண்டி, ஓட்டுபவர், சுமை ஆகியவை சேர்ந்து 300 கிலோகிராம் எனக் கொள்வோம். இதனை 2,500 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற வேண்டிய வேலை சுமார் 73 லட்சம் ஜூல் ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 320 லட்சம் ஜூல். அதில் கால் பங்கே இயந்திரத்தில் வேலையாக மாறுவதாகக் கொண்டால், ஏற்றத்திற்கு மட்டும் ஏறத்தாழ ஒரு லிட்டர் செலவாகும். இறக்கத்தில் இது முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகப் போய்விடுகிறது. மேலும், ஒரு கணவாயில் ஏறி இறங்கியதும் மற்றொன்று எதிர்ப்படும்.

உயரத்தின் விளைவு வேறொன்றும் உண்டு. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 விழுக்காடே. காபுரேட்டர் இம்மாற்றத்தைத் தானே அறிந்து சரிசெய்துகொள்ளாது. ஆதலால் கலவையில் பெட்ரோலின் விகிதம் தேவைக்கு மேல் கால் பங்குக்கும் அதிகமாகிவிடுகிறது. இயந்திரம் கரும்புகை விட்டுத் திணறுகிறது. எரிபொருளைத் தெளிக்கும் வண்டிகளில் காற்றழுத்தத்தை உணரும் கருவி இதனைத் திருத்திவிடும். ஆயினும் மெல்லிய காற்றில் எந்த இயந்திரமும் வலிமை குன்றும். தாழ்ந்த கியரில் நெடுநேரம் ஓட்ட நேரும்.

எரிபொருளின் தன்மையும் கணக்கில் சேரும். 2023-ஆம் ஆண்டு முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளது. ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலினுடையதில் மூன்றில் இரண்டு பங்கே ஆதலின், இக்கலவையின் ஆற்றல் தூய பெட்ரோலைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஹிமாலயன் வண்டியின் தொட்டி 15 லிட்டர் கொண்டது. சமவெளியில் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் எனக் கொண்டால் 450 கிலோமீட்டர் கிடைக்கும். 365 கிலோமீட்டர் எளிது என்றே தோன்றும். ஆனால் அடியில் தங்கும் அரை லிட்டரைக் கழித்து, மலையில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்று கொண்டு கணக்கிட்டால், 14.5-ஐ 24-ஆல் பெருக்க 348 கிலோமீட்டரே வரும். 17 கிலோமீட்டர் குறைகிறது. 2023-இல் வெளிவந்த அடுத்த ஹிமாலயனின் தொட்டி 17 லிட்டர் கொண்டது. அதே விகிதத்தில் அது 396 கிலோமீட்டர் செல்லும். ஆனால் மிச்சம் 31 கிலோமீட்டர் மட்டுமே. மண்சரிவினால் பாதை அடைபட்டு வந்த வழியே சிறிது தொலைவு திரும்ப நேர்ந்தால் அம்மிச்சமும் போதாது.

தொட்டியை இன்னும் பெரிதாக்கினால் என்ன?

ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோகிராம் எடையுள்ளது. 30 லிட்டர் எனில் 22 கிலோகிராமுக்கு மேல். அவ்வெடை உயரத்தில் அமைந்தால் வண்டியின் புவியீர்ப்பு மையமும் உயரும். கரடுமுரடான பாதையில் மெதுவாகச் செல்கையில் தாங்கிப் பிடிப்பது கடினமாகும். எனினும் தேவை கருதிப் பெரிய தொட்டிகள் அமைக்கப்பட்டதுண்டு. பாலைவனப் பந்தயத்தின் பெயரால் 1980-களில் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 80 ஜி/எஸ் பாரிஸ்-டக்கார் வண்டியின் தொட்டி 32 லிட்டர் கொண்டது. ஹோண்டா நிறுவனம் 1970-களில் வெளியிட்ட கோல்டு விங் வண்டியிலோ, வழக்கமான இடத்தில் தொட்டி போன்ற மூடி மட்டும் இருந்தது. மெய்யான தொட்டி இருக்கையின் கீழ்த் தாழ வைக்கப்பட்டிருந்தது. எடை தாழ்ந்தமையால் பெரிய வண்டியும் கையாள எளிதாயிற்று.

உபரிப் பெட்ரோல் எடுத்துச்செல்லும் முறை

சிறிய தொட்டியுடைய வண்டிக்கு எஞ்சியுள்ள வழி, தனிக்கலத்தில் பெட்ரோல் எடுத்துச்செல்வதே. விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டருக்கு மேற்படாமல் உரிமமின்றி வைத்துக்கொள்ள 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அது நன்கு மூடிய உலோகக் கலத்திலோ, ஒரு லிட்டருக்கு மேற்படாத கண்ணாடி அல்லது பீங்கான் கலத்திலோ இருத்தல் வேண்டும். குடிநீர் விற்கும் பிளாஸ்டிக் புட்டிகள் இதற்கு உகந்தவை அல்ல. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். ஆகவே கூடாரத்தினுள்ளோ அடுப்பின் அருகிலோ கலத்தைத் திறத்தல் கூடாது. சூடான இயந்திரம் ஆறிய பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும்

தம் வண்டியின் உண்மையான செலவை அறிய விரும்பும் கள ஊழியர், தொட்டியை ஒரு குறிப்பிட்ட மட்டம்வரை நிரப்பி, ஓடிய தொலைவைக் குறித்துக்கொண்டு, மீண்டும் அதே மட்டம்வரை நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். ஒருமுறை அளந்தது போதாது. சமவெளி, மலை, முழுச்சுமை என ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே பலமுறை அளந்து குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். அவற்றுள் மிகக் குறைந்த எண்ணையே பயணத் திட்டத்திற்குக் கொள்வது நன்று. அதிலும் நான்கில் ஒரு பங்கை எதிர்பாராத தேவைக்கென ஒதுக்கிவைப்பது விவேகமாகும்.

ஆசிரியர்கள் இதே கணக்கை வகுப்பில் மாணவர்க்கு அளிக்கலாம். பெருக்கல், விழுக்காடு, அடர்த்தி, வெப்பத்தால் விரிதல், ஆற்றல் மாறுதல் ஆகிய பாடங்கள் அனைத்தும் இதில் ஒருங்கே அமைந்துள்ளன. எண் ஒன்றைக் கண்டதும் அது எந்நிலையில் அளக்கப்பட்டது என்று வினவும் பழக்கமும் மாணவரிடம் இதனால் உண்டாகும். தொட்டியின் மீது பொறித்துள்ள கொள்ளளவு மாறாது. சென்று சேரும் தொலைவோ பாதையையும், சுமையையும், ஓட்டுபவரையும் பொறுத்தது.