போட்டது ரோடா, வெறும் பில்லா? ஊராட்சி கணக்கை நீங்களே பார்க்கலாம்

தெருவில் சிமெண்ட் ரோடு போடுகிறார்கள். ஆறே மாதத்தில் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. "இதுக்கு எவ்வளவுய்யா செலவாச்சு?" என்று டீக்கடையில் கேட்டால் ஆளுக்கு ஒரு தொகை சொல்வார்கள். உண்மையில் அந்த தொகை ரகசியம் அல்ல. கையில் செல்போன் இருக்கும் யாரும் பார்க்கும் இடத்தில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு நாலு பேர் முன்னால் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

செல்போனில் கணக்கு

மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2020-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந்தேதி "இ-கிராம் ஸ்வராஜ்" என்ற இணையதளத்தை தொடங்கியது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாக தேர்வு செய்தால் அந்த ஊரின் ஆண்டு திட்டம், வந்த பணம், செலவு ஆகியவை வரும். பாஸ்வேர்டு எதுவும் கேட்காது.

இதில் முக்கியமாக பார்க்க வேண்டியது மத்திய நிதிக்குழு மானியம். 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தை குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்குத்தான் செலவு செய்ய வேண்டும் என்று விதி. மீதி 40 சதவீதம் ஊரின் மற்ற தேவைகளுக்கு. அதிலும் சம்பளம் கொடுக்க கூடாது. குழாயில் தண்ணீர் வராத ஊரில் இந்த 60 சதவீதம் எங்கே போனது என்று கேட்க இது ஒன்றே போதும்.

ஆனால் இந்த இணையதளத்தை மட்டும் நம்பி சண்டைக்கு போனால் மூக்கு உடையும். வேலையின் பெயரும் தொகையும் இருக்கும். எந்த வீட்டில் ஆரம்பித்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. "அது வேற தெருப்பா" என்று சொல்லிவிட்டால் கேட்டவர் வாயடைத்து உட்கார வேண்டியதுதான்.

எம்.புக் எங்கே?

அதற்கு பதில் இருப்பது எம்.புக் என்று ஆபீசில் சொல்லும் அளவு புத்தகத்தில். ஒரு வேலை முடிந்ததும் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து இதில் எழுதுவார்கள். அதை வைத்துத்தான் பில் போடப்படும். எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்.புக், பில் ஆகிய நான்கும் கையில் இருந்தால் ரோட்டின் ஜாதகமே கையில் இருப்பதாக அர்த்தம்.

ஒரு கணக்கு பாருங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். கனத்தை 10 சென்டிமீட்டராக குறைத்தால் 30 கன மீட்டரே போதும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். மேலே நின்று பார்த்தால் இரண்டு ரோடும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஓரத்தில் டேப் வைத்தால் வித்தியாசம் தெரிந்து விடும்.

மைக்கில் வாசித்தால்

கணக்கை ஊர் நடுவே சத்தமாக வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தான் உதாரணம். 1994-ம் ஆண்டு டிசம்பரில் அங்கு கோட் கிரானா என்ற ஊரில் அருணா ராய் உள்ளிட்டோரின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் மக்கள் விசாரணை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளுக்கான பில், மஸ்டர் ரோல் விவரங்கள் ஊரார் முன் வாசிக்கப்பட்டன. இப்படி நடந்த விசாரணைகளில் வேலைக்கே போகாதவர்கள் பெயர், செத்தவர்கள் பெயர் எல்லாம் கூலிப் பட்டியலில் இருந்தது வெளியே வந்தது. அந்த போராட்டம்தான் வளர்ந்து 2005-ம் ஆண்டின் தகவல் உரிமை சட்டத்துக்கு பெரிய காரணமாக அமைந்தது.

தமிழ்நாட்டில் அப்படி வாசிக்க தனியாக மேடை போட வேண்டியதில்லை. கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று இருந்த 4 கூட்டம், மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து 6 ஆகி விட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். வரவு-செலவு கணக்கை படிவம் 30 என்ற பெயரில் கூட்டத்தில் வைக்க வேண்டும். சில ஊர்களில் அதை கடகடவென்று வாசித்து முடித்து விடுவார்கள். "கொஞ்சம் நிறுத்தி வாசிங்க சார்" என்று சொல்ல ஒருத்தர் வேண்டும்.

இன்னொன்று, கோரம். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3 ஆயிரம் வரை 100 பேர், 10 ஆயிரம் வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். வராதவர் வீட்டுக்கு நோட்டு போய் கையெழுத்து வாங்கும் கதையும் ஊருக்கு ஊர் உண்டு. கேட்கும் கேள்வியை வாயால் மட்டும் கேட்காமல் எழுதி கொடுத்து, தீர்மான நோட்டில் ஏற்றும் வரை எழுந்து போகாமல் இருப்பது நல்லது.

2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சி தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந்தேதி முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லை என்பதற்காக கிராமசபை இல்லாமல் போகாது. கணக்கு கேட்கும் உரிமையும் போகாது.

10 ரூபாய் மனு

எம்.புக்கை கூட்டத்தில் காட்ட மறுத்தால் தகவல் உரிமை சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒன்றிய அலுவலக பொது தகவல் அலுவலருக்கு மனு போடலாம். ஆவணம் வேறு ஆபீசில் இருந்தால் 5 நாளில் அவர்களே மனுவை மாற்றி அனுப்ப வேண்டும். "ரோடு பற்றி எல்லா விவரமும் தரவும்" என்று எழுதினால் பதிலும் வளவளவென்று வரும். வேலையின் பெயர், ஆண்டு, தொகை குறிப்பிட்டு "எம்.புக் நகல்" என்று கேட்க வேண்டும். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரி எடுக்கவும் கூட சட்டத்தின் 2(ஜே) பிரிவு அனுமதிக்கிறது. இது பலருக்கு தெரியாது.

2025 நவம்பரில் அமலான தனிநபர் தரவு பாதுகாப்பு சட்ட திருத்தத்துக்கு பிறகு, பயனாளிகள் பெயர் பட்டியல் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்க வழி ஏற்பட்டு உள்ளது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. ரோட்டின் நீள, அகலம் யாருடைய தனிப்பட்ட தகவலும் அல்ல.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அங்கும் சரியான பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு போகலாம். மேல்முறையீட்டுக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதில்லை.