மதுரையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நிதி உதவி

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நிதி உதவி என்பது அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை, வேதிச்சிகிச்சை, மருந்து ஆகியவற்றின் செலவை அரசோ, காப்பீட்டுத் திட்டமோ, நிவாரண நிதியோ முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்பதைக் குறிக்கும். மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களிலும் வாழ்வோர் மாநில அரசு, நடுவண் அரசு ஆகிய இரண்டின் திட்டங்களையும் நாடலாம்.

இத்திட்டங்களுள் பெரும்பாலானவை நோயாளியின் கையில் பணம் கொடுப்பதில்லை, மருத்துவமனைக்கே செலுத்துகின்றன. அதற்கான ஒப்புதலையும் சிகிச்சைக்கு முன்னரே பெறவேண்டும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்டணத்தைச் செலுத்திவிட்டுப் பின்னர் விண்ணப்பிப்போர் அத்தொகையைத் திரும்பப் பெறுவது அரிது. எனவே உதவியைத் தேடும் காலமும் உதவியின் அளவைப் போலவே முக்கியமானது.

அரசு மருத்துவமனைகள்

மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, 1954இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்குத் தேவையான மருந்துகளை 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்குகிறது. இவ்வாறு வழங்கப்படும் மருந்துகளுக்கு நோயாளியிடம் கட்டணம் பெறப்படுவதில்லை.

சென்னையில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும் தென்மாவட்ட நோயாளிகள் நாடும் பிற இடங்களாகும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்

2009 சூலையில் தொடங்கப்பட்ட கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திற்கு மாற்றாக, 2012 சனவரியில் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் வரையிலும், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 1,50,000 ரூபாய் வரையிலும் காப்பீடு அளிக்கப்பட்டது. 2018இல் நடுவண் அரசின் பிரதமர் மக்கள் நலவாழ்வுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டபின் இவ்வரம்பு 5,00,000 ரூபாயாக உயர்ந்தது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் ஏதிலியருக்கு வருமான வரம்பு இல்லை.

அரசு மருத்துவமனைகளிலும், திட்டப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இக்காப்பீட்டைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்னரே வரையறுக்கப்பட்ட தொகை உண்டு. மருத்துவமனை நோயாளியின் ஆவணங்களை அனுப்பி முன் ஒப்புதல் பெற்றபின் சிகிச்சை அளிக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு இக்காப்பீடு பொருந்தாது.

காப்பீட்டு அட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யப்படுகிறது. இதற்குப் பின்வருவன தேவை:

* குடும்ப அட்டை
* குடும்ப உறுப்பினர்களின் ஆதார் அட்டைகள்
* வருமானச் சான்று

நடுவண் அரசின் நிதிகள்

பிரதமரின் தேசிய நிவாரண நிதி, நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்தோருக்கு உதவ 1948 சனவரியில் உருவாக்கப்பட்டது. பின்னர் புற்றுநோய், இதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கும் பகுதி உதவி வழங்கத் தொடங்கியது. விண்ணப்பத்துடன் மருத்துவமனை அளிக்கும் செலவு மதிப்பீடும் வருமானச் சான்றும் இணைக்கப்பட வேண்டும்.

தேசிய நலவாழ்வு நிதியின் கீழ் 2009இல் அமைக்கப்பட்ட நலவாழ்வு அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு உரியது. அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாக இது வழங்கப்படுகிறது. ஏற்கனவே செலவழித்த தொகையை இந்நிதி ஈடு செய்வதில்லை.

தொழிலாளர் காப்பீடு

ஆலைகளிலும் கடைகளிலும் பணிபுரிந்து இ. எஸ். ஐ. திட்டத்தில் சந்தா செலுத்தும் தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி உண்டு. தொழிலாளருக்கே புற்றுநோய் ஏற்பட்டால், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஊதியத்தில் 80 விழுக்காடு வரை 2 ஆண்டுகளுக்கு நீட்டித்த நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். மருத்துவச் செலவை மட்டுமன்றி இழந்த கூலியையும் கருத்தில் கொள்ளும் சில ஏற்பாடுகளுள் இது ஒன்று.

மருந்தின் விலை

நாட்பட்ட இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்குத் தரப்படும் இமாட்டினிப் மருந்து, மருந்து விலையின் தாக்கத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மாத்திரைகளுக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆனபோது, இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் மாத்திரைகளுக்கு 8,000 முதல் 10,000 ரூபாய் வரையே ஆனது. அந்நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

2019இல் புற்றுநோய் மருந்துகள் 42இன் வணிக இலாப விகிதத்திற்கு 30 விழுக்காடு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. விலை உயர்ந்த மருந்து எழுதித் தரப்படும்போது, அதற்கு ஈடான ஜெனரிக் மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்டறிவது செலவைப் பெரிதும் குறைக்கக் கூடும்.

பயணச் செலவு

கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாட்கள் வீதம் பல வாரங்கள் நீடிக்கும். சிற்றூரிலிருந்து மதுரைக்கு நாள்தோறும் வந்து செல்லும் விவசாயக் கூலித் தொழிலாளியும், அவருக்குத் துணையாக வருபவரும் அந்நாட்களின் கூலியை இழக்கின்றனர். பேருந்துக் கட்டணம், உணவு, தங்கும் செலவு ஆகியவற்றைக் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக ஏற்பதில்லை. இதனால் இலவசச் சிகிச்சையையும் சிலர் இடையில் நிறுத்த நேரிடுகிறது.

சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ தொடர்வண்டியில் செல்லும் புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்புப் படுக்கை, குளிரூட்டப்பட்ட மூன்றடுக்குப் பெட்டி ஆகியவற்றில் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. துணையாகச் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி உண்டு. இதற்கு மருத்துவமனையிடமிருந்து உரிய படிவத்தில் சான்று பெறவேண்டும்.