தீவில் விழித்த சிறுமி

பேரழிவு ஒன்று நேர்ந்து ஊரும் உறவும் அழிந்தபின், எஞ்சிய இளையோர் சிலர் எவ்வாறு பிழைத்தனர் என்று கூறும் கதைகள் இன்று மேனாட்டு இலக்கியத்தில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளன. அக்கரப்பத்தனையில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவரும் அவற்றுட் சிலவற்றைத் திரைப்படமாகக் கண்டிருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் ஒருநாள், “சேர், இப்படியான கதை தமிழில் இல்லையா?” என்று வினவினான். அன்று நான் உடனே விடை கூறவில்லை. சிந்தித்தபின் கூற விழைவதே இக்கட்டுரை.

இத்துறையிற் பெரிதும் பேசப்படும் நூல் ஆங்கில ஆசிரியர் வில்லியம் கோல்டிங் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்’ என்பது. போர்க்காலத்தில் விமானம் வீழ்ந்து, ஆளில்லாத் தீவொன்றில் அகப்பட்ட பள்ளிச் சிறுவர்கள், முதலில் கூடிப் பேசித் தலைவனைத் தேர்கின்றனர். பின்னர் ஈட்டி ஏந்தி வேட்டையாடி, இறுதியில் தம்முள் ஒருவரையொருவர் கொல்லவும் துணிகின்றனர். அமெரிக்க ஆசிரியை சுசான் கொலின்ஸ் 2008இல் எழுதிய ‘த ஹங்கர் கேம்ஸ்’ என்னும் நாவலிலோ, இருபத்துநான்கு இளையோர் ஒரு களத்தில் விடப்பட்டு, ஒருவரே எஞ்சும்வரை பொருதுமாறு ஏவப்படுகின்றனர். அதிகாரத்தின் கொடுமையைக் காட்டுவதே அந்நூலின் நோக்கம். எனினும், இவற்றைப் படித்து முடிக்கும் பிள்ளையின் உள்ளத்தில், பிறனை வென்றவனே பிழைப்பான் என்னும் எண்ணம் தங்கிவிடுதல் கூடும்.

உலக நிகழ்ச்சியோ வேறொன்றைக் காட்டுகின்றது. 1965ஆம் ஆண்டில் பசிபிக் மாகடலிலுள்ள டொங்கா நாட்டின் பள்ளி மாணவர் அறுவர், படகொன்றில் ஏறிச் சென்று புயலிற் சிக்கி, அத்தா என்னும் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினர். ஏறத்தாழப் பதினைந்து மாதம் அங்கேயே வாழ்ந்தனர். மூட்டிய தீ அவியாதபடி முறைவைத்துக் காத்தனர். பூசல் மூண்டால் பிணங்கிய இருவரும் சினம் ஆறும்வரை விலகியிருப்பது அவர்கள் வகுத்த விதி. ஒருவன் கால் முறிந்தபோது ஏனையோர் அதனைப் பொருத்திக் கட்டி, அவன் வேலையையும் தாமே செய்தனர். 1966இல் ஆஸ்திரேலியரான பீற்றர் வார்னர் அவர்களைக் கண்டு மீட்டபோது அறுவரும் நலமாக இருந்தனர்.

இனி நம் தமிழுக்கு வருவோம். தீவிலே தனித்து விழித்த இளம்பெண் ஒருத்தியை நம் இலக்கியம் என்றோ அறிந்திருந்தது. உறக்கத்தில் தெய்வத்தால் எடுத்துச் செல்லப்பட்ட மணிமேகலை, மணிபல்லவத்தில் கண்விழித்து, தன்னவர் எவரையும் காணாது அழுகின்றாள். அத்தீவு நமது நயினாதீவே என்று கருதுவோரும் உளர். அத்தீவில் அவள் கைக்கு வந்தது ஈட்டியன்று, அமுதசுரபி என்னும் பாத்திரம். பின்னர் அவள் பிறந்த புகார் நகரைக் கடல் கொண்டது. காஞ்சியை வறட்சி வருத்தியது. அழிவு சூழ்ந்த காலத்தில் அவள் காஞ்சிக்குச் சென்று பசித்தோர்க்கெல்லாம் சோறளித்தாள். எவர் எஞ்சுவார் என்ற வினாவைச் சாத்தனார் எழுப்பவே இல்லை. எவர் ஊட்டுவார் என்பதே அவர்தம் வினா. மாணவனின் கேள்விக்கு நான் கண்ட விடை இதுவே.

எனினும் இவ்விடை பாதியே ஆகும். பழம்பெருமை பேசி அமைதற்கு இம்மலைநாடு இடந்தரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்டமையாற் பிழைத்த பிள்ளைகள் இருந்தனர். திரும்பியபோது அவர்களுட் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் மலையகத்தின் பல பகுதிகளில் மண்சரிவை விளைத்து உயிர்களைக் கொண்டது. மேனாட்டார் கற்பனை செய்யும் பேரழிவு எம் பிள்ளைகளுக்கு அயல் மலையில் நடந்த செய்தியாகும்.

அண்மையில் ‘மழை இரவு’ என்னும் தலைப்பில் கட்டுரை வரையுமாறு வகுப்பிற் பணித்தேன். மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: மழை வலுத்தால் அம்மா எல்லோருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் ஒரு பையிற் கட்டித் தலைமாட்டில் வைப்பாராம், தம்பியைத் தூக்குவது அவள் பொறுப்பாம், ஆயினும் பக்கத்துக் காம்பராவில் தனித்திருக்கும் அப்பாயியை எவர் தூக்குவது என்றெண்ணி உறக்கம் வருவதில்லையாம். எழுத்துப்பிழைகளைத் திருத்த எடுத்த சிவப்புப் பேனாவை நான் கீழே வைத்துவிட்டேன். மணிமேகலையின் வினாவை, அந்நூலை இன்னும் கல்லாத ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள்.

சி. வி. வேலுப்பிள்ளை ‘வீடற்றவன்’ தந்தார். கோகிலம் சுப்பையா ‘தூரத்துப் பச்சை’ தந்தார். முதியோர் பட்ட துயரை அவை பேசின. மண்சரிவுக்குப் பின் எழுந்து நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கதையை, அவ்வயதினர் படிக்குமாறு, இம்மலையின் மொழியிலே எழுத வேண்டும். ஆசிரியர்களே, உங்கள் மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைக் கவனமாகப் படியுங்கள். அந்நாவலின் முதல் அதிகாரம் அவற்றுள் ஒன்றிற் கிடத்தல் கூடும். மழைக்காலத்திற்குமுன் அந்த அப்பாயியைத் தூக்க ஆள் தேடுவதும் நம் கடனே.